சுண்ணம் இடிக்கும் பாட்டு யாருடையது?

(கறம்பக்குடியில் வாசகர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1958-ஆம் ஆண்டு கேரளத்தில் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். தொகுதி முழுக்கத் தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறித்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். அவர்களிடம் மேடைப்பேச்சு எடுபடாது, பாட்டு எடுபடும் என்று பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனை அழைத்தார்கள். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பாவலர் மலையேறினார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டில், கூலியைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் சொற்களைப் போட்டுப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

பாவலரின் குழுவில் அவருடைய தம்பிகளும் பாடினார்கள். பெண்குரல் தேவைப்படும் பாட்டு வந்தால், இன்னும் குரல் உடையாத ஒரு தம்பி அதைப் பாடுவார். வயலில் நிற்கும் பெண்ணாக, அடுப்படியில் நிற்கும் பெண்ணாக அந்தச் சிறுவன் ஊர் ஊராகப் பாடினான். அவர்தான் இளையராஜா. 'அன்னக்கிளி' வந்த 1976-க்கு முன்பே பாவலர் காலமாகிவிட்டார். தம்பி சினிமாவுக்குப் போய் என்ன செய்தார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பேச வந்தது 2005-ஐப் பற்றி. அந்த ஆண்டு ஜூன் மாதம் அவருடைய 'திருவாசகம்' இசைத்தொகுப்பு வெளிவந்தது. மாணிக்கவாசகரின் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழுவை வைத்து, ஆறு பாடல்களாக அமைத்திருந்தார். இடையிடையே வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், அமெரிக்காவின் மேடை இசைநாடகங்களுக்குப் பேர்போனவர். முயற்சிக்குப் பின்னால் நின்று பணம் திரட்டியது தமிழ் மையம். அதை நடத்தியவர் ஜெகத் கஸ்பர் ராஜ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். நாட்டுப்பாட்டில் வளர்ந்த ஒருவர், இடதுசாரி மேடையில் வாய் திறந்த ஒருவர், ஒரு பாதிரியாரின் துணையோடு, ஐரோப்பிய வாத்தியங்களை வைத்துச் சைவத் திருமுறையைப் பாடுகிறார். இதைக் கேட்ட தமிழர்கள் ஒரே குரலில் கைதட்டியிருந்தால்தான் ஆச்சரியம்.

கைதட்டியவர்கள் ஏராளம். அவர்களை விட்டுவிடுகிறேன். ஏற்காதவர்கள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் இடதுசாரித் தோழர்களும் பெரியாரியர்களும் தலித் சிந்தனையாளர்களில் சிலரும் எழுப்பிய கேள்வி. உழைப்பவன் பாட்டைப் பாடிய வீட்டிலிருந்து வந்தவர் கோயில் வாசலில் போய் நிற்கலாமா? ஒடுக்கப்பட்ட மக்களின் தாளத்தையும் ஏற்றப்பாட்டையும் தாலாட்டையும் தமிழ்நாடு முழுவதும் கேட்க வைத்த கலைஞர், தன் பெரிய உழைப்பைப் போட வேறு நூல் கிடைக்கவில்லையா? இந்த வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் பாடும் குரல்கள் எந்தக் காலத்திலும் கொஞ்சம்தான். அதில் ஒன்று வேறு பக்கம் போனால் இழப்பு இழப்புதான். ஆனால் அந்தப் போக்கு 2005-இல் திடீரென்று தொடங்கியதல்ல. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 1987-இல் குடமுழுக்குக் கண்டபோதே அதில் அவருடைய கொடை இருந்தது. ரமணர் மீதான பாடல்களும் முன்பே வந்திருந்தன. அப்போதெல்லாம் எழாத கேள்வி இப்போது எழுந்ததற்குக் காரணம், இந்த முறை அவர் தன் முழுப் பலத்தையும் கொண்டுபோய் ஓரிடத்தில் வைத்தார். ஓய்வு நேரத்துப் பக்தியாக இருந்தவரை பொறுத்துக்கொண்டவர்களால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கொந்தளிப்பு 1979-இல் நடந்தது. பாப் டிலன், ஒரு கிட்டாரும் ஒரு ஆர்மோனிக்காவுமாக நாட்டுப்பாடகராகத் தொடங்கி, ஒரு தலைமுறையின் எதிர்ப்புக் குரலாக ஆனவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் 'ஸ்லோ டிரெய்ன் கமிங்' என்ற தொகுப்பை வெளியிட்டார். முழுக்கக் கிறிஸ்தவ நம்பிக்கைப் பாடல்கள். நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தியபோது, பழைய பாட்டு ஒன்றைக்கூடப் பாட மறுத்துவிட்டார். கூச்சல் போட்டார்கள். பாதியில் எழுந்து போனார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. ஜான் லெனான் பதிலடியாக ஒரு பாட்டே கட்டினார். அதே தொகுப்பின் ஒரு பாடலுக்கு மறு ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது. 2017-இல் அந்தக் காலத்து மேடைப் பதிவுகள் பெரிய தொகுப்பாக வந்தபோது, அவர் மிக உயிரோடு பாடிய ஆண்டுகளில் அவையும் உண்டு என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

டிலனுக்கும் இளையராஜாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டிலன் பாட்டை நிறுத்திவிட்டு மேடையிலேயே பிரசங்கம் செய்தார், நீ எந்தப் பக்கம் என்று கேட்டார். எதிரே இருப்பவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இளையராஜா யாரையும் எதற்கும் அழைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தமிழர் வாயில் புழங்கும் ஒரு நூலைப் பாடினார். அதனால் இங்கே எழுந்த சண்டை நம்பிக்கையைப் பற்றியது அல்ல, உரிமையைப் பற்றியது.

நாகூர் ஹனிபாவை நினைத்துப் பாருங்கள். கறம்பக்குடியில் அவர் குரல் கேட்காத தெரு ஏது? ரம்ஜான் மாதத்தில் கடைவீதி வழியாக நடந்தால் அந்தக் குரல் கூடவே வரும். அவர் அல்லாஹ்வைப் பாடினார். அதே குரலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் கொடியையும் தலைவர்களையும் பாடினார். பகுத்தறிவு பேசிய இயக்கத்தின் மேடையில் இறைப்பாடகர் ஒருவர் வாழ்நாள் முழுக்க நின்றார். முரண்பாடு என்று யாரும் அவரை விரட்டவில்லை. ஏனென்றால் அவர் இரண்டு வீட்டிலும் முதல் நாளிலிருந்தே குடியிருந்தார். ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்றுக்குப் போனதாக யாருக்கும் தோன்றவில்லை. பாடகர் எதைப் பாடுகிறார் என்பதைவிட, நம்மை விட்டுப் போகிறாரா என்பதுதான் கேட்பவர் மனத்தைச் சுடுகிறது.

இனி சைவர்கள் பக்கம். திருமுறையை ஓதுவார்கள்தாம் பாட வேண்டும், கோயிலில் நின்று பாட வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. தேவாரத்துக்குப் பண் வகுத்திருக்கிறார்கள். திருவாசகத்தை மோகனத்தில் ஓதுவது வழக்கம். அந்த மோகனத்தில் அழுதுகொண்டே வளர்ந்த காதுக்கு, வயலின்கள் அலை அலையாக எழும்போது ஒரு கூச்சம் வருவது இயற்கை. சாவு வீட்டில் சிவபுராணம் படிக்கும் குடும்பங்கள் இங்கே எத்தனை! தாயைக் கிடத்தியிருக்கும் கூடத்தில் கேட்ட ஒரு பாடலுக்கு நடுவே ஆங்கிலச் சொல் நுழைந்தால் நெஞ்சு ஒரு நிமிடம் ஒப்பாது. பாதிரியாருக்குத் திருவாசகத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதற்குப் பதில் 1900-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. ஜி.யு. போப் என்ற பாதிரியார் தம்முடைய எண்பதாவது வயதில் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அந்த உழைப்பைச் சைவர்கள் அன்றிலிருந்து மதித்தே வந்திருக்கிறார்கள்.

இந்தத் தொகுப்பு சிம்பொனியா, ஆரட்டோரியோவா என்று மேற்கத்திய இசை படித்தவர்கள் நடத்திய வழக்கு ஒன்றும் இருந்தது. குரலும் சொல்லும் கலந்து வருவதால் ஆரட்டோரியோ என்பதே பொருத்தம். இளையராஜா தம்முடைய முதல் சிம்பொனியை 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேற்றியும் விட்டார். அந்த வழக்கு முடிந்தது.

இப்போது நூலுக்குள் போவோம். எனக்குச் சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

திருவாசகத்தில் 51 பகுதிகள். அவற்றின் தலைப்புகளை வாசித்தாலே போதும். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல். இவை என்ன? அம்மானைக் காய் ஆடும் பெண்கள் பாடுவது. உரலைச் சுற்றி நின்று வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள் பாடுவது. ஊஞ்சலில் ஆடும்போது பாடுவது. பூப்பறிக்கும்போது பாடுவது. ஒருத்தி கேலியாகக் கேட்க இன்னொருத்தி மறுத்துச் சொல்வது. கறம்பக்குடிச் சுற்று வட்டாரத்தில் கடலை ஆயும்போதும் நடவு நடும்போதும் முளைப்பாரிக்குக் கும்மி அடிக்கும்போதும் நம் வீட்டுப் பெண்கள் பாடுகிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த பாட்டு அத்தனையும். மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சர் என்கிறது அவர் வரலாறு. ஏட்டுப் படிப்பும் பதவியும் உள்ள ஒருவர், ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில், உரலடியிலும் ஊஞ்சலடியிலும் போய் நின்று, அந்தப் பெண்களின் மெட்டையும் கேள்வி பதிலையும் எடுத்து அதில் சிவனை வைத்தார். தாமும் ஒரு பெண்ணாக மாறித்தான் அவற்றைப் பாடினார்.

நாட்டுப்பாட்டுக்காரர் ஏன் திருவாசகத்துக்குப் போனார் என்று கேட்கிறார்கள். திருவாசகம் முன்பே நாட்டுப்பாட்டிடம் வந்திருந்தது. கடன் வாங்கியவர் மாணிக்கவாசகர். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து, அண்ணன் குழுவில் பெண்குரலில் பாடிய பையன், வளர்ந்து முதிர்ந்து, தும்பியிடம் பேசும் ஒருத்தியின் பாட்டாகிய திருக்கோத்தும்பியைத் தன் சொந்தக் குரலில் பாடுகிறார். இந்தப் பொருத்தத்தை அவர் திட்டமிட்டாரா என்று எனக்குத் தேட வேண்டியதில்லை. பாட்டைக் கேட்டால் அந்தக் குரலுக்கு அந்த இடம் பழக்கமானது என்று தெரிகிறது.

பிட்டுக்கு மண் சுமந்த கதையும் திருவாசகத்தில் பேசப்படுகிறது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்கிறான் அரசன். ஆளில்லாத கிழவிக்காகக் கூலியாளாகக் கடவுளே வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அரசன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி ஊரில் எல்லார் முதுகிலும், அரசன் முதுகிலும் விழுகிறது. தோழர்களே, பாவலரின் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான கதை எங்கே கிடைக்கும்?

இன்னொன்று. தொகுப்பில் மிக நீளமான பாடல் சிவபுராணத்திலிருந்து எடுத்தது. சிவபுராணம் அருளப்பட்ட இடம் திருப்பெருந்துறை என்கிறது மரபு. அறந்தாங்கி தாண்டிப் போனால் வரும் நம் ஆவுடையார்கோயில்தான் அது. குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தை அமைச்சர் கோயிலுக்குச் செலவழித்தார் என்ற கதை நடந்த மண். போனவர்களுக்குத் தெரியும், கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும். எதிரே நந்தி இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொண்டுவந்து கல்மேல் பரப்புகிறார்கள். கூடவே கீரையும் பாகற்காயும். எழும்புகிற ஆவிதான் சாமிக்கு. பெரிய கோயில்களில் பச்சரிசி படைக்கும் நாட்டில், வயலில் உழைப்பவன் சாப்பிடும் சோறும் கறியும் இந்தச் சன்னதியில் படையலாகின்றன. இந்தத் தலத்துப் பாடலைப் பாட யாருக்குத் தகுதி என்று கேட்பவர்கள் ஒரு நாள் உச்சிக்காலப் பூசைக்கு அங்கே போய் நிற்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பிளவு என்பதற்கு நம் மாவட்டத்து நாடக மேடையிலேயே ஒரு விளக்கம் கிடைக்கிறது. புதுக்கோட்டை நாடகக் கலைஞர்களின் ஊர். திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைத்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்போம். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும்போது ஊரே இரண்டாகப் பிரிந்து சீட்டியடிக்கும். நாரதர் சங்கரதாஸ் சுவாமிகள் வழிப்பாட்டைப் பாடுவார், அடுத்த நொடி ஒரு சினிமா மெட்டு வரும், பபூன் வந்து விலைவாசியைப் பேசுவார், கடைசியில் முருகன் வந்து கல்யாணம் நடக்கும். பக்தியும் கேலியும் அரசியலும் ஒரே பந்தலில். யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. பந்தல் எல்லாருக்கும் பொது, நடிகர் யார் என்று ஊருக்குத் தெரியும், பிடிக்காவிட்டால் பாட்டின் நடுவிலேயே சொல்லலாம், அவரும் பதில் சொல்வார். குளமங்கலத்தில் மாசிமகத்தன்று அய்யனாரின் பெரிய குதிரைக்குக் காகிதமாலை போடக் கூட்டம் நெருக்கும்போது எங்கிருந்தோ நையாண்டி மேளம் கேட்கும், எங்கிருந்தோ குழாயில் எல்.ஆர். ஈஸ்வரி பாடுவார். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

கேசட்டிலும் குறுந்தட்டிலும் வரும் பாட்டுக்கு அந்தப் பந்தல் கிடையாது. அது தனியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகிறது. வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த பந்தலை அதற்குப் போட்டுக்கொள்கிறார். தோழர் தேவிகுளத்து மேடையைப் போடுகிறார். சைவப் பெரியவர் கோயில் மண்டபத்தைப் போடுகிறார். இசை படித்த பெண் வியன்னா அரங்கைப் போடுகிறார். சவுதியில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் பேருந்து நிலையத்தையும் அம்மாவையும் போடுகிறான். பாடகரிடம் பதில் கேட்க வழியில்லாததால் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள்.

அந்த மோதல் நடந்து மூன்றாண்டுக்குள் சிதம்பரத்தில் ஒன்று நடந்தது. நடராசர் சன்னதியின் சிற்றம்பல மேடையில் தமிழில் பாடுவேன் என்று முதியவர் ஒருவர், சிவனடியார் ஆறுமுகசாமி, பல ஆண்டுகளாகப் போராடினார். பாடப் போனவரை அடித்தார்கள். 2008-இல் அரசு ஆணை வந்தது. மார்ச் 2-ஆம் தேதி காவல்துறைப் பாதுகாப்போடு மேடையேறி அவர் பாடினார். அவருடைய போராட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்கள் யார்? கடவுள் நம்பிக்கை இல்லாத இடதுசாரிகளும் பகுத்தறிவாளர்களும். இதை நான் மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன். தமக்கு நம்பிக்கை இல்லாத ஒரு பாட்டை, அதை நம்பும் ஒரு ஏழைப் பெரியவர் தாம் விரும்பிய இடத்தில் பாட வேண்டும் என்பதற்காக அவர்கள் நின்றார்கள். திருமுறை யாருடைய சொத்தும் அல்ல என்று செயலில் காட்டினார்கள். அந்த நியாயத்தை அப்படியே இளையராஜாவுக்கும் தர வேண்டும் என்பது என் வாதம். சிற்றம்பல மேடையில் ஆறுமுகசாமிக்கு உள்ள உரிமை, புடாபெஸ்ட் வாத்தியக்காரர்களுக்கு முன்னால் பண்ணைப்புரத்துக்காரருக்கும் உண்டு.

உரிமை உண்டு என்பதால் பாட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. என் காதுக்கு, ஆங்கிலக் குரல் வரும் இடங்கள் ஒட்டவில்லை. தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும் மாணிக்கவாசகரின் குழைவு, ஆங்கிலத்தில் ஒரு நாடகக் கதாபாத்திரத்தின் அறிக்கையாக ஆகிவிடுகிறது. அச்சப்பத்திலிருந்து எடுத்த பாட்டு கம்பீரமாக இருக்கிறது. ஆனால் நூலில் இருக்கும் பயம், எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது என்ற அந்த நடுக்கம், வாத்தியங்களின் பலத்தில் மறைந்துபோகிறது.

திருப்பொற்சுண்ணத்துக்கு வந்தால் கதை வேறு. பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணம் இடிக்கும் பாட்டு அது. இசையமைத்தவர் உலக்கையை மறக்கவில்லை. அடி விழும் இடமும் மூச்சு வாங்கும் இடமும் தாளத்திலேயே இருக்கின்றன. குரல்கள் ஒன்றை ஒன்று தொட்டுத் தூக்கிக்கொண்டு போகின்றன, ஒருத்தி உலக்கையைத் தூக்கும்போது அடுத்தவள் போடுவது மாதிரி. பின்னால் ஐரோப்பிய வாத்தியங்கள் எத்தனை இருந்தாலும் அவை உரலைச் சுற்றித்தான் நிற்கின்றன. பாவலரின் குழுவில் கற்றுக்கொண்டதை அவர் எங்கேயும் விட்டுவிட்டு வரவில்லை என்பதற்கு இதைவிட எனக்குச் சாட்சி தேவையில்லை.

இந்த அவையில் எழுபது வயதைத் தாண்டிய தாய்மார்கள் சிலர் இருக்கிறீர்கள். உரலில் இடித்தவர்கள், இடிக்கும்போது பாடியவர்கள். உங்கள் பாட்டுகளை யாரும் இன்னும் முழுதாகப் பதிந்து வைக்கவில்லை. செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுக்கு வரட்டும், நானும் வருகிறேன். இப்போது ஒலிபெருக்கியில் திருப்பொற்சுண்ணத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் ஒலிவாங்கி உங்களிடம் வரும். அடி சரியாக விழுகிறதா இல்லையா என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு தோழர்களும் ஓதுவார் அய்யாவும் பேசட்டும்.